தராதரமும் மொழித்துணையும்: ஊவாத் தோட்டப் பாடசாலைகளை முன்னிட்டு ஓர் ஆய்வு

கல்வியுலகில் அடிக்கடி எடுத்தாளப்படும் சொற்களுள் 'தராதரம்' என்பது ஒன்று. அதனை உயர்த்தவேண்டும் என்பாரும், அது தாழ்ந்துவிட்டதே என்று இரங்குவாரும் எக்காலத்தும் உளர். ஆயின் தராதரம் எவ்விடத்து அளக்கப்படவேண்டும் என வினவுவார் சிலரே. பல்கலைக்கழக வாயிலில் அளப்பதா, முதலாம் வகுப்பின் வாயிலில் அளப்பதா என்னும் இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளின் வரலாறு பெரிதும் பயன்படும்.

இத்துறையில் வாதிடுவோர் இரு திறத்தினர். பரீட்சை யாவர்க்கும் ஒன்றாதல் வேண்டும், பின்தங்கியோர்க்கென அளவுகோலைக் குறைத்தால் வைத்தியமும் பொறியியலும் கெடும் என்பர் ஒரு சாரார். ஒரே அளவுகோல் என்பதே அநீதி, வாய்ப்புக் குன்றியவர்க்குச் சலுகை வேண்டும் என்பர் மறு சாரார். இரு சாராரும் உண்மையின் ஒவ்வொரு கூற்றைப் பற்றி நிற்கின்றனர். எனினும் சலுகையைக் கேட்பவரும் மறுப்பவரும் ஒருங்கே பரீட்சைப் பெறுபேற்றையே நோக்குகின்றனர். அப்பெறுபேறு உருவாகும் வகுப்பறையை நோக்கினாரல்லர்.

அவ்வகுப்பறை எத்தகையது? 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கின. ஆறு வயது முதல் பத்து வயது வரை தாய்மொழிக் கல்வி அளித்தல் வேண்டும் என்பதே விதி. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மலையிலே வேலை காத்திருந்தது. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹப்புத்தளை மலைகளிலே லயத்தின் ஓர் அறையோ, பிரட்டுக்களத்தை அடுத்த கொட்டகையோ பாடசாலையாயிற்று. ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் நடத்தினார். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது இந்நிலை மாறியிருத்தல் வேண்டும், மாறவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. அவை அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியது 1977இலேயே ஆகும்.

இத்தாமதத்துக்குக் காரணம் வறுமை மட்டுமன்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். அடுத்து வந்த 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்தம் பிரதிநிதியாக ஒருவரும் தெரிவாகவில்லை. பாடசாலை கேட்பதற்கு ஒரு குரல் வேண்டும். அக்குரல் இல்லாத காலத்திலேயே நாட்டின் கல்விக் கொள்கை வகுக்கப்பட்டது.

இனி, 1970களில் எழுந்த தரப்படுத்தற் பூசலை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் வேண்டும். 1971ஆம் ஆண்டு அனுமதிக்குப் பேராதனைப் பொறியியற் பீடத்தில் இடம்பெறச் சிங்களமொழி மூலம் தோற்றியோர் 400க்கு 227 புள்ளிகளும், தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250 புள்ளிகளும் பெறவேண்டும் என வரையறுக்கப்பட்டது. இதனால் யாழ்ப்பாணத்து மாணாக்கர்க்கு நேர்ந்த இழப்புப் பெரிதும் பேசப்பட்டது; பேசப்பட வேண்டியதே. ஆயின் இதனுள் அடங்கிய பிறிதொரு முரண்பாடு அத்துணைக் கவனம் பெறவில்லை. மொழி ஒன்றையே அளவையாகக் கொண்ட அவ்விதி, மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளையையும் கல்வியில் முன்னேறியோர் வரிசையிலே வைத்தது. நாட்டின் மிக நலிந்த பாடசாலையிற் பயின்றவனும் தமிழிற் பயின்றமையால் மிகுதியான புள்ளி பெறவேண்டியவனானான். 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தபோது அதே பிள்ளை பதுளை மாவட்டத்தான் என்பதனாற் சலுகைக்கு உரியவனாக எண்ணப்பட்டான். முந்திய விதியின் தண்டனையும் பிந்திய விதியின் சலுகையும் அவனைத் தீண்டவில்லை. அவன் பயின்ற பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. உயர்தர வகுப்பே எட்டாதவனுக்குப் பல்கலைக்கழக வாயிலில் எக்கதவைத் திறந்தால் என்ன, அடைத்தால் என்ன?

இன்றைய விதியும் ஆராய்தற்குரியது. கலைத்துறை ஒழிந்த பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டுள்ளன. பதுளையும் மொனராகலையும் அப்பதினாறினுள் அடங்கும். ஆயின் மாவட்டம் என்பது ஒருதன்மைத்தான நிலமன்று. பதுளை, பண்டாரவளை நகரங்களின் வசதிமிக்க பாடசாலைகளும், லுணுகலை மலையடிவாரத்துச் சிறு வித்தியாலயமும் ஒரே பங்குக்குப் போட்டியிடுகின்றன. பௌதிகவியலும் கணிதமும் கற்பிக்க ஆசிரியர் உள்ள இடத்துக்கே அப்பங்கு செல்லுதல் இயல்பு. சலுகை பெற்றது மாவட்டம், தோட்டத்துப் பிள்ளையன்று.

வாயிலில் அளிக்கும் சலுகை பயன்படாதெனின், வகுப்பறையில் அளிக்கத்தக்கது யாது? மொழித்துணையே அதன் முதற்படி. தமிழே போதனாமொழியாக உள்ளவிடத்து மொழித்துணை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். தோட்டத்துப் பிள்ளையின் வீட்டுமொழி, திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து வந்தோர் பேச்சு மலையிலே கலந்து உருவான தமிழ். கொழுந்தும் கவ்வாத்தும், பிரட்டும் பெரட்டுச் சங்கும், லயமும் கங்காணியும் அதன் அன்றாடச் சொற்கள். பனையும் கடலும் பழகியோர் எழுதிய பாடம் அப்பிள்ளைக்குத் தாய்மொழியிலேயே அமைந்த அயல்மொழியாகிவிடும். பாடம் விளங்காமையைப் பிள்ளையின் மந்தம் எனக் கொள்ளும் ஆசிரியர், தராதரம் தாழ்ந்தது என்று அறிக்கை எழுதுவார்.

பிள்ளை அறிந்த மொழியிலிருந்தே கல்வி தொடங்குதல் வேண்டும் என்பது 1953இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையின் சாரம். ஈழத்தில் மாவட்டப் பங்கீடு வந்த அதே 1974இல், ஐக்கிய அமெரிக்காவின் உயர்நீதிமன்றம் சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனப் பிள்ளைகளின் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. மொழி விளங்காத பிள்ளைக்குப் பிறர்க்குள்ள அதே நூலையும் அதே ஆசிரியரையும் அளித்தல் சமத்துவம் ஆகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. அங்கே திருத்தம் வகுப்பறையில் வேண்டப்பட்டது. இங்கே அது வாயிலில் வேண்டப்பட்டது.

இக்கருத்து மேனாட்டிலிருந்து கடன்வாங்க வேண்டியதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம், நூலுக்குப் பின் ஆசிரியன் இலக்கணத்தையும் பாடஞ்சொல்லும் முறையையும் வகுத்துரைத்து, அதன்பின்னரே மாணாக்கன் இலக்கணத்துக்கு வருகின்றது. கேட்பவனின் கொள்ளும் ஆற்றலை அறிந்து கற்பித்தலை ஆசிரியனுக்குக் கடனாக்குகின்றது. மாணாக்கனை அளக்குமுன் கற்பித்தலை அளக்க என்பதே அவ்வைப்புமுறையாற் போதரும் பொருள். தராதரம் பேசுவோர் இவ்வரிசையைத் தலைகீழாக்கினர்.

மொழித்துணையின் இரண்டாம் படி விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் உரியது. 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அமைந்தது. தேயிலைத் தொழில்நுட்பத்திலே பட்டம் வழங்கும் அக்கழகத்தின் போதனாமொழி ஆங்கிலம். கொழுந்து பறிப்பவளின் மகள் தேயிலையைப் பட்டப்படிப்பாகக் கற்க விரும்பின், தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் உயர்தர வகுப்பைத் தேடிச் செல்லவேண்டும். பின்னர் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கவேண்டும். தாய் நாள்தோறும் தொடும் இலையைப் பற்றிய கல்வி மகளுக்கு இருமுறை தொலைவாகின்றது. இவ்விடர் கருதியே சில பெற்றோர் பிள்ளைகளைச் சிங்களமொழிப் பாடசாலைகளிற் சேர்க்கின்றனர். அவரைக் குறைகூறுதல் எளிது. அவர்தம் மலைக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியரை அனுப்பி அங்கு நிலைபெறச் செய்தலே அரிது.

செய்யத்தக்கன செய்யப்படாமலும் இல்லை. சுவீடனின் உதவியோடு தோட்டப் பாடசாலைக் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்து ஆசிரியரைப் பயிற்றி வருகின்றது. இவை வகுப்பறையை நோக்கிய முயற்சிகளாதலின் போற்றத்தக்கன. வீட்டுமொழியிலிருந்து நூல்மொழிக்கு அழைத்துச்செல்லும் தொடக்கப் பாடங்கள், தமிழ்க் கலைச்சொல்லோடு ஆங்கிலச் சொல்லையும் உடன் பயிற்றும் விஞ்ஞான வகுப்பு, தோட்டத்துக்கு அண்மையில் வாழ்ந்து நீடித்துக் கற்பிக்கும் ஆசிரியர் ஆகிய மூன்றும் அவற்றோடு சேருமாயின் சலுகைக்குத் தேவையே குறையும்.

மொழித்துணையும் தராதரமும் ஒன்றை ஒன்று அழிப்பன எனக் கொள்வது இருசாரார்க்கும் பொதுவான மயக்கம். துணையின்றி உயர்த்தப்பட்ட தராதரம் சிலரை மட்டும் உள்ளே விடும் வேலியாகும். தராதரமின்றி அளிக்கப்பட்ட துணை பிள்ளையை ஏமாற்றும் இரக்கமாகும். ஊவா மலைகளின் பிள்ளைகள் வேண்டுவது இலகுவான பரீட்சையன்று. அப்பரீட்சையை எழுதுதற்கு உரிய கல்வி, மற்றவர்க்குத் தொடங்கும் வயதிலேயே தமக்கும் தொடங்குதல் வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. அதனை மறுத்துவிட்டுத் தராதரத்தைப் பேசுதல் அறிவுடைமை ஆகாது.