கெம்பாராவின் பாட்டும் தமிழ் மேடையும்

நாட்டுப் பாடலுக்கு இலக்கணம் கூறுவோர் பலர். ஆக்கியோன் பெயர் அறியப்படாதது, வாய்மொழியாக வருவது, ஊரார் கூடிப் பாடுவது என்றெல்லாம் வகுத்துரைப்பர். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சுகிறது. நாட்டுப் பாடல் தன்னைச் சூழ்ந்த பொருள்களை அவற்றின் பெயராலேயே அழைக்கும். கங்காணியைக் கங்காணி என்றும், பெரட்டுக்களத்தைப் பெரட்டுக்களம் என்றும் கூசாமல் சொல்லும். இந்த ஓர் இயல்பைக் கொண்டு அளந்தால், பாடியவர் பெயர் தெரிந்த, ஒலிநாடாவில் பதிந்து விற்கப்பட்ட ஒரு மலாய்க் குழுவின் பாட்டுகளும் அப்பெயருக்கு உரியனவே எனலாம். அக்குழுவின் பெயர் கெம்பாரா.

எம். நசீர், ஏ. அலி, எஸ். சஹ்லான் ஆகிய மூவரையும் கொண்ட இக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1981இல் வெளிவந்தது. நசீர் 1957இல் சிங்கப்பூரில் பிறந்தவர். நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஓவியம் பயின்றவர். கெம்பாரா என்னும் மலாய்ச் சொல் ஊர் ஊராய்ச் சுற்றித் திரிதலைக் குறிக்கும். பெயருக்கேற்பக் கித்தாரைக் கையிலேந்தி, ஆரவாரமின்றி, பேசுவது போலவே பாடினர். அவர்கள் புகழுக்கு வழி திறந்த பாட்டு ‘எக்ஸ்பிரஸ் ராக்யாட்’. மக்கள் விரைவுவண்டி என்பது அதன் பொருள். அது கவிஞர் கற்பனையில் ஓடிய வண்டியன்று. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்கு மெய்யாகவே ஓடிய வண்டி. மூன்றாம் வகுப்புப் பயணியும் அறிந்த பெயரைப் பாட்டுக்குத் தலைப்பாக வைத்ததில்தான் குழுவின் போக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மற்றத் தலைப்புகளையும் பார்க்கலாம். ‘பதின்மூன்றாம் எண் பேருந்து’ ஒன்று. ‘நீலக் காலர்’, அதாவது ஆலைத் தொழிலாளி, மற்றொன்று. ‘ஒரு மீனவனின் கனவு’ என்றும் ஒன்றுண்டு. தொகுப்புகளுக்கு மட்டும் ‘போராட்டம்’ (1982), ‘என் தலைமுறை’ எனப் பெருஞ்சொற்களைச் சூட்டினர். போராட்டத்தை எவரும் பாடலாம். பதின்மூன்றாம் எண் பேருந்தை அதற்காகக் காத்து நின்றவன் அல்லவா பாட முடியும்? கெம்பாராவின் வலிமை சிறு சொற்களிலேயே இருந்தது. பெருஞ்சொற்களை நாடியபோது, பிறரும் பாடக்கூடியதையே அவர்களும் பாடினர்.

1986இல் நசீர் ஜானி இயக்கிய ‘கெம்பாரா செனிமான் ஜாலானான்’ என்னும் திரைப்படத்தில் நசீரே நடித்தார். தெருக் கலைஞனின் அலைச்சல் திரைக்கு வந்த அளவில் குழுவின் காலமும் ஏறக்குறைய நிறைவுற்றது. நசீர் தனிப் பாடகராக உயர்ந்தார். ‘அந்த ஹுட்ஹுட்டைக் கேள்’ என்னும் பொருளுடைய பாட்டு 1994இல் ஆண்டின் தலைசிறந்த பாடலுக்கான ஜுவாரா லாகு பரிசைப் பெற்றது. ஹுட்ஹுட் என்பது கொண்டலாத்திப் பறவை. பாரசீகச் சூஃபிக் கவிஞர் அத்தாரின் காப்பியத்தில் மற்றப் பறவைகளுக்கு வழிகாட்டுவது. இசையில் இது முன்னையவற்றினும் செறிவானது, ஐயமில்லை. ஆனால் புகைவண்டி போய்விட்டது, மெய்ஞ்ஞானம் வந்தது. இதனை வளர்ச்சி என்பாரும் உளர். இழப்பும் அதில் உண்டு.

தமிழர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நசீர் இசையமைத்த ‘ஒரு சிவப்பு ரோசா, ஒரு கவிதை’ என்னும் மலாய்ப் பாட்டை நாடெங்கும் கொண்டுசென்றது, பினாங்கிலிருந்து எழுந்த அலிகேட்ஸ் குழுவின் லோகநாதன் ஆறுமுகத்தின் குரல். ஆகவே குரலுக்குப் பஞ்சமில்லை. அந்தப் புகைவண்டி தெற்கிலிருந்து கோலாலம்பூருக்குள் நுழையும் இடமோ பிரிக்பீல்ட்ஸ். இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழருமாக ரயில்வே ஊழியர் நிறைந்து வாழ்ந்த பகுதி அது. தண்டவாளம் போட்ட கைகளுள் தமிழர் கை எத்தனை! வண்டியைப் பாடியதோ மலாய்ப் பாட்டு.

கெம்பாரா பாடிய அதே ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் நகரின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன. ஒப்பாரியாகவேனும் ஒரு பாட்டு பிறந்திருக்க வேண்டிய வேளை. தமிழ் மெல்லிசை மேடைகளோ பெரும்பாலும் திரைப்பாடல்களையே பாடின. சென்னையில் ஒலிப்பதிவானதை இம்மியும் பிசகாமல் பாடுவதே திறமை எனக் கைதட்டினர் அவையோர். வானொலியில் உள்ளூர்ப் பாடல்கள் ஒலித்ததுண்டு; மறுப்பதற்கில்லை. அவற்றுள் பலவற்றை மதுரையில் எழுதியவை என்றாலும் நம்பலாம். நிலவுக்கும் தென்றலுக்கும் எந்த ஊர்?

மரபு இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. 1942, 43ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளச் சயாம் ரயில்பாதைக்குத் தோட்டத் தமிழரைக் கொண்டுபோன காலத்தில், அத்துயரைத் தோட்டத்தார் பாட்டில் வைத்தனர். கித்தாரும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த வாய்களே போதுமாயிருந்தன. அந்தப் பாட்டியரின் பேரப்பிள்ளைகள் மேடையேறியபோதுதான் இரவல் பாட்டு தேவைப்பட்டது.

பின்னாளில் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ (2006) மலேசியத் தெருத்தமிழைத் துணிந்து பாட்டுக்குள் கொண்டுவந்தது. அத்துணிவைப் பாராட்டவே வேண்டும். எனினும் அத்தொகுப்பில் தமிழகம் வரை எட்டிய பாட்டு ‘மடை திறந்து’. அதன் அடித்தளம் 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராசா அமைத்த மெட்டு.