ஓபி: முடிச்சும் பெண்ணுடலும்

ரோலான் பார்த் ஜப்பானைக் குறிகளின் பேரரசாக வாசித்தது 1970இல். அவர் வழியில் போனால் கிமோனோவின் இடைக்கச்சையான ஓபியும் ஒரு பிரதிதான். எடோ காலத் தொடக்கத்தில் ஒடுங்கிய பட்டையாக இருந்த பெண்களின் ஓபி, ஏறத்தாழ 30 செ.மீ. அகலமும் 4 மீட்டருக்கு மேல் நீளமுமாக வளர்ந்தது. ஆணின் ஓபி ஒடுங்கியே நின்றுவிட்டது. முதுகில் 'உப்பிய குருவி' முடிச்சு என்றால் கல்யாணமாகாதவள். முன்னால் பெரிதாக முடிந்தால் ஒய்ரான் என்கிற கணிகை. முடிச்சு பேசுகிறது. சரி, யாருக்காகப் பேசுது?

குறியியல் வாசிப்பு எனக்குப் போதாமல் போவது இங்கேதான். வாசிக்கிறவர் கண்ணுக்குப் பட்டு தெரிகிறது. இறுகிய இடுப்பும் கியோத்தோவின் நிஷிஜின் தறிகளும் தெரிவதில்லை.

முடிச்சை உள்ளிருந்து வாசித்தவர் நகோயாவில் பெண்கள் பள்ளி நிறுவிய கோஷிஹாரா ஹருகோ. தைஷோ காலத்தில் (1912-26), இடுப்பைச் சுற்றும் பகுதியைப் பாதியாக மடித்துத் தைத்தார். துணி குறைந்தது, கட்டுவது சுலபமாயிற்று. இன்று அது 'நகோயா ஓபி'. குறியை அவர் ஒழித்துவிடவில்லை; முதுகில் அதே தைகோ முடிச்சு அப்படியே உட்கார்ந்திருக்கு. ஆனால் கட்டுகிற கைக்கு வேலை குறைந்தது.

கட்டவிழ்ப்பு பற்றி இவ்வளவு பேசுகிற நாம், கட்டிக்கொள்கிறவளின் கையிலிருந்து தொடங்கலாமே.