ஆல்புகர்க்கியின் கறுப்புப் பாறைகள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்கத் தென்மேற்கில் பழங்காலப் பாறைச் செதுக்கல்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக இரண்டு விஷயங்களைக் கண்டு தயங்குவார்கள்: தூரம், உடல் வலு. பல இடங்களுக்கு மண்சாலையில் மணிக்கணக்காகப் போக வேண்டும். போன பிறகு பள்ளத்தாக்கில் இறங்கி ஏற வேண்டும். நியூ மெக்சிகோ மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான ஆல்புகர்க்கியின் மேற்கு விளிம்பில் இருக்கும் பெட்ரோகிளிஃப் தேசிய நினைவிடத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. குடியிருப்புகளின் பின்சுவர் முடிகிற இடத்திலேயே செதுக்கல்கள் தொடங்கிவிடுகின்றன. பாதைகளில் பெரும்பாலானவை முதியவர்களும் சிறுவர்களும் நடக்கக்கூடியவை. சுற்றுலாக் கையேடுகள் இந்தச் சுலபத்தைத்தான் முதலில் சொல்கின்றன. அந்தப் புகழ்ச்சி எந்த அளவுக்குத் தகும்?

இதை எடைபோட மூன்று கேள்விகள் போதும். செதுக்கல்களை நிதானமாகப் பார்க்க முடிகிறதா? அவற்றைத் தாங்கி நிற்கும் எரிமலை நிலம் நமக்குப் புரிகிறதா? அவற்றைச் செதுக்கிய மக்களுக்கு நியாயம் கிடைத்திருக்கிறதா?

முதலில் நிலம். ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கு, புவியின் மேலோடு இழுபட்டு விரிந்ததால் உண்டான ஒரு பிளவு. ஏறத்தாழ 1,50,000 முதல் 2,00,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பிளவின் மேற்குப் பக்கத்தில் தரை நீளவாக்கில் வெடித்து எரிமலைக் குழம்பு வெளியேறியது. சரிவைத் தொடர்ந்து கிழக்கே ஆற்றை நோக்கி ஓடி, மணலுக்கும் சரளைக்கும் மேல் ஒரு மூடிபோல இறுகிப் பசால்ட் பாறையானது. வெடிப்பு ஓயும் கட்டத்தில் ஐந்து சிறு கூம்புகள் எழுந்தன. பின்னர் மழையும் காற்றும் அடியிலிருந்த மென்மையான மண்ணை அரித்தன. பிடிமானம் இழந்த பசால்ட் விளிம்பு உடைந்து, பெரும் பாறைகளாகச் சரிவில் உருண்டது. இன்று 27 கிலோமீட்டர் நீளத்துக்குக் கறுத்துக் கிடக்கும் மேட்டுச்சரிவு இப்படி உண்டானது. களிமண்ணும் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்து பாறைகளின் மேல் ஒரு கருமெருகை ஏற்றின. கல்லால் கொத்தி அந்த மெருகை நீக்கினால் உள்ளே வெளிர்சாம்பல் தெரியும். செதுக்கியவர்களுக்கு வேண்டிய நுட்பம் முழுவதும் இந்த நிற வேறுபாட்டில் இருந்தது.

ஆகவே எரிமலையையும் செதுக்கலையும் தனித்தனியாகப் பார்ப்பது பாதிப் பார்வை. நினைவிடத்தின் அமைப்போ அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. கூம்புகள் மேற்கே, தனி நுழைவாயிலோடு. செதுக்கல்கள் கிழக்கே, மூன்று வெவ்வேறு பள்ளத்தாக்குகளில். தகவல் மையம் இவை எதிலும் இல்லாமல் வேறோர் இடத்தில். அங்கிருந்து எந்தப் பாதையும் தொடங்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் காரில் போக வேண்டும். நேரம் குறைந்தவர்கள் முதலில் கைவிடுவது கூம்புகளைத்தான், ஏனென்றால் அங்கே செதுக்கல்கள் கிடையாது. வந்து போகிறவர்களில் பலருக்கு இந்தக் கறுப்புப் பாறைகள் எங்கிருந்து வந்தன என்பது தெரியாமலேயே போய்விடுகிறது.

இனிப் பாதைகள். மூன்று பள்ளத்தாக்குகளில் ஒன்றான போகா நெக்ராவில் கழிப்பறை, நிழல், குடிநீர் எல்லாம் உண்டு. மூன்று குறும்பாதைகள்; ஒரு மணி நேரத்தில் நூறு செதுக்கல்கள் வரை பார்த்துவிடலாம். வசதியில் இதுவே முதலிடம். ஆனால் தளம் போட்ட பாதையில், அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று, உருவங்களை ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்ப்பதுபோல் பார்க்க நேர்கிறது. பாதைகளில் ஒன்று மேட்டின் உச்சிக்குச் செங்குத்தாக ஏறுகிறது. சுலபம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் சிறு குழந்தையோடு வருகிறவர்களுக்கும் தாழ்வான பாதைகள் ஏற்றவை. மற்றவர்களுக்கு இதை முதல் தேர்வாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

பியெட்ராஸ் மார்காதாஸ் 2.4 கிலோமீட்டர் நடை. ஏறத்தாழ 400 செதுக்கல்கள் பாதையிலிருந்தே தெரிகின்றன. செறிவு என்று பார்த்தால் இதை எதுவும் மிஞ்சாது. முகமூடிகள், கைகள், பறவைகள், நான்முனை நட்சத்திரங்கள் என்று பாறைக்குப் பாறை உருவங்கள். குறை ஒன்று: திரும்பினால் வீடுகள். பள்ளத்தாக்கின் வாய் வரை குடியிருப்பு வந்துவிட்டது. பாறைகளில் அண்மைக் காலக் கிறுக்கல்களும் உண்டு. நகரம் நெருங்கியதன் பலனும் விலையும் இங்கே பக்கம் பக்கமாக நிற்கின்றன.

ரின்கொனாடா 3.5 கிலோமீட்டர் சுற்றுப்பாதை. மேட்டுச்சரிவின் அடிவாரத்தை ஒட்டிப் பள்ளத்தாக்கின் உட்பகுதி வரை போய், மணல்வெளி வழியாகத் திரும்புகிறது. தெரிகிற செதுக்கல்கள் ஏறத்தாழ 300. மணலில் கால் புதைவதால் தூரத்தைவிட நடை சற்றுக் கனம். ஆனாலும் உள்ளே போகப் போக நகரத்தின் இரைச்சல் அடங்குகிறது. உருவங்களுக்கு நடுவே வெறும் பாறைகள் நீள்கின்றன. எந்தப் பாறையைத் தேர்ந்தார்கள், எதை விட்டார்கள், எந்தத் திசையை நோக்கிச் செதுக்கினார்கள் என்று யோசிக்க அந்த இடைவெளி உதவுகிறது. மூன்றில் இதுவே சிறந்தது.

ஏறத்தாழ 24,000 செதுக்கல்கள் இருப்பதாக மதிப்பிடப்படும் இடத்தில் இந்த மூன்று பாதைகளும் காட்டுவது 800 அளவில்தான். நூற்றுக்கு மூன்றோ நான்கோ. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இது சரியான கட்டுப்பாடாகவே படுகிறது. விரல் எண்ணெய் பட்டாலே கருமெருகு கெடும். எஞ்சியவை பாதையில்லாமல் இருப்பதே அவற்றுக்குக் காவல்.

செதுக்கல்களில் பத்தில் ஒன்பது பங்கு, இப்பகுதியின் பூர்வகுடிகளான இன்றைய பியூப்லோ மக்களின் முன்னோர்களுடையவை. பெரும்பாலானவை 1300க்கும் 1680க்கும் இடைப்பட்ட காலத்தவை. சில அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. மெக்சிகோப் பக்கத்திலிருந்து வணிகத்தில் வந்த பஞ்சவர்ணக்கிளி உருவம் தொலைதூரத் தொடர்புக்குச் சாட்சி. சிலுவைகளும் கால்நடைக் குறிகளும் ஸ்பானியர் குடியேறிய பிறகு வந்தவை. 1680 என்பது பியூப்லோ மக்கள் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த ஆண்டு. செதுக்கும் வழக்கம் குன்றியதற்குப் பின்னால் அந்த ஆட்சியின் சமய ஒடுக்குமுறை இருந்தது.

இந்த உருவங்களுக்கு என்ன பொருள் என்பதை அறிவிப்புப் பலகைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. சில உருவங்களின் பொருள் இன்றைய பியூப்லோ சமூகங்களுக்குத் தெரியும். வெளியாருக்குச் சொல்லத் தகாதவை என்று அவர்கள் கருதுபவையும் உண்டு. சுருள் என்றால் நீர், கை என்றால் கையொப்பம் என்று அகராதி போட்டுத் தராமல் விட்டதில் நேர்மை இருக்கிறது. இருந்தாலும் மௌனம் மட்டும் போதாது. இது இன்றும் வழிபாட்டு நிலம், எரிமலைக் கூம்புகளும் அந்தப் புனிதத்தில் அடக்கம் என்ற செய்தி ஒவ்வொரு நுழைவாயிலிலும் அழுத்தமாக நிற்க வேண்டும். அது இல்லையென்றால் பார்வையாளருக்கு இது யாரோ மறைந்துபோனவர்கள் விட்டுச்சென்ற கிறுக்கல் என்றே தோன்றும்.

மூன்றாவது கேள்வியில் நினைவிடம் தேறவில்லை. 1990இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்தப் பாதுகாப்பு எட்டே ஆண்டுகளில் இன்னொரு சட்டத்தால் தளர்ந்தது. பசேயோ டெல் நோர்ட்டே சாலையை மேற்கே நீட்ட வழிசெய்து, 1998இல் 8.5 ஏக்கர் நிலம் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டது. பியூப்லோ மக்கள் எதிர்த்தார்கள். நினைவிடத்தை ஊடறுத்த சாலை 2007இல் திறக்கப்பட்டது. சாலை வேண்டும் என்றவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும்: மேற்கே நகரம் வளர்ந்துவிட்டது, போக்குவரத்து நெருக்கடி உண்மையானது. ஆனால் 7,200 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் 8.5 ஏக்கர் அற்பம் என்ற கணக்கு, மேட்டையும் கூம்புகளையும் ஆற்றையும் ஒரே புனித வெளியாகக் காண்கிறவர்களிடம் செல்லாது. சுலபமாகப் போய்வரும் வசதியைக் கொடுத்த அதே நகரம்தான் நிலத்தையும் துண்டாக்கியது.

முடிவாக: நிலமும் செதுக்கல்களும் முதல் தரம்; அவற்றைக் காட்டும் ஏற்பாடு இரண்டாம் தரம்; காத்த விதம் அதற்கும் கீழே. அங்கே போகிறவர்கள் கையேட்டின் வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது. முதலில் எரிமலைக் கூம்புகள். அவற்றில் ஒன்றான வல்கன் கூம்பின் பக்கம் நின்று கிழக்கே பார்த்தால் குழம்பு ஓடிய சரிவும் ஆறும் சாண்டியா மலையும் ஒரே பார்வையில் அடங்கும். அதன்பின் ரின்கொனாடா. நேரம் மிஞ்சினால் பியெட்ராஸ் மார்காதாஸ். ஓராண்டில் 23 சென்டிமீட்டர் அளவே மழை பெறும், நிழலில்லாத நிலம் இது. கோடையில் பிற்பகல் இடிமழையும் வரும். காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், பாறைகளைத் தொடாதீர்கள்.