இசைத்தட்டும் திருவீதியும்: காரைக்கால் வட்டார நாகசுர மரபுக்குத் தொடக்ககால ஒலிப்பதிவுகள் தரும் சான்று

ஆய்வுச் சுருக்கம்

தொடக்ககால நாகசுர இசைத்தட்டுகளைக் கோயில் இசையின் நேரடிப் பதிவாகக் கொள்ளும் வழக்கத்தை இக்கட்டுரை மறுக்கிறது. காரைக்கால்–திருமருகல் வட்டாரத்தை முன்னிறுத்தி, இசைத்தட்டு எவற்றுக்குச் சான்றாகும், எவற்றுக்கு ஆகாது என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாகசுரம், இசைத்தட்டு, காரைக்கால், தோடி, மல்லாரி, திமிரி, பாரி.

முன்னுரை

டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இசைத்தட்டைக் குறிப்பிடாத நாகசுர வரலாறு அரிது. அவ்வாறு குறிப்பிடுவோரில் பெரும்பாலோர் அதனைக் காவிரிப் படுகைக் கோயில் மரபின் மாதிரியாகவே எடுத்தாள்கின்றனர். அவர் பிறந்த திருமருகல் காரைக்காலை அடுத்த ஊர். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கும் அவ்வூருக்கும் இடையே அரசியல் எல்லை இருந்தது. இசைக்கு அவ்வெல்லை இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே காரைக்கால் வட்டாரத்தின் பழைய நாகசுர இசையை அறிய விரும்புவோர் அண்டை ஊர்க் கலைஞர்களின் தட்டுகளையே நாட வேண்டியுள்ளது. அத்தட்டுகள் எந்த அளவுக்கு அச்சுமையைத் தாங்கும் என்பதே இங்கு வினா.

பதிவின் எல்லைகள்

1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குச் சென்று, அச்சாகி, கப்பலில் திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை அமைந்த பின்னரே தட்டுகள் இந்தியாவில் அச்சாயின. காஞ்சிபுரம் தனக்கோடி அம்மாள் போன்ற தென்னகக் கலைஞர்களும் அக்காலத் தொடக்கத்திலேயே பதிவாயினர். வணிக நிறுவனங்கள் விற்கக்கூடிய குரலைத் தேடின. விற்பனை நோக்கமற்ற அறிவுத்துறைப் பதிவுகள் வேறு வழியில் நடந்தன. வியன்னாவில் 1899இலும் பெர்லினில் 1900இலும் பாரிசில் 1911இலும் ஒலிக்காப்பகங்கள் தோன்றின. 1920களில் மதராஸ் மாகாண மொழிகளும் கிளைமொழிகளும் இசைத்தட்டில் பதிவாகி, அவற்றின் உரைப்பகுதிகள் 1927இல் மதராஸ் அரசு அருங்காட்சியகத்தால் நூலாக வெளியிடப்பட்டன. இத்திட்டத்தின் பெயரே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. மாகாணத்துக்கு உட்படாத காரைக்காலின் பேச்சுக்கும் பாட்டுக்கும் அதில் இடம் தேடுவது வீண். ஒலிக்காப்பகமும் ஆட்சி வரைபடத்தைப் பார்த்தே வளர்ந்தது என்பதை ஆய்வாளர் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

வீதியின் கால அளவு

பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களைக் கொள்ளும். இரு பக்கமும் சேர்ந்தால் ஏழு நிமிடங்கள். காரைக்காலில் ஆனித் திங்கள் முழுநிலவையொட்டி நிகழும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வருகிறார். அடியார் மாங்கனிகளை இறைக்கின்றனர். அந்த உலாவின் நீளத்தோடு ஏழு நிமிடங்களை ஒப்பிட்டாலே இடைவெளி புலப்படும். திருநள்ளாறு சப்தவிடங்கத் தலங்களுள் ஒன்று. நகவிடங்கராக எழுந்தருளும் தியாகேசரின் உன்மத்த நடனம் அத்தலத்துக்கு உரியது. இத்தகைய தலங்களில் நாகசுரம் கேட்போரைக் கருதி மட்டும் வாசிக்கப்படுவதில்லை. சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. பின் வேளைக்குரிய இராகம். இடையே தவிலின் தனி. ஊர்வலம் நின்றால் இராகம் நீளும், நகர்ந்தால் சுருங்கும். வாசிப்பின் அளவைக் கடிகாரமன்று, சுமப்போரின் நடையே தீர்மானிக்கிறது.

தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி என்னும் பெயர்களே செயலைக் குறிப்பவை. சொற்களற்ற, சொற்கட்டை அடியாகக் கொண்ட இவ்வுருவைத் தட்டில் ஏற்றலாம். அது எதன்பொருட்டு வாசிக்கப்படுகிறதோ அந்தப் புறப்பாட்டை ஏற்ற இயலாது. இராக ஆலாபனைக்கோ இவ்வகை இழப்பு குறைவு. நாகசுரத்தின் பல உருப்படிகளுள் ஆலாபனை இசைத்தட்டுக்கு எளிதில் பொருந்தியதற்கு இதுவே முதற்காரணமாகலாம். ஆயினும் தட்டைத் திருப்பும் இடத்தில் இராகம் அறுபடுகிறது. முதற்பக்க இறுதியில் ஓரிடத்தில் நின்று, மறுபக்கத்தில் மீண்டும் தொடங்க வேண்டிய கட்டாயம் வீதியில் எந்த நாகசுரக்காரருக்கும் இருந்ததில்லை. இசைத்தட்டின் ஆலாபனையை நீண்ட வாசிப்பின் சுருக்கம் எனக் கொள்வதினும், கச்சேரி மேடையை நோக்கி நகர்ந்த ஒரு புதிய வடிவம் எனக் கொள்வதே பொருந்தும்.

கருவியும் கூம்பும்

1925க்கு முந்தைய பதிவுகளில் ஒலிவாங்கி இல்லை. கூம்பின் முன் வாசிக்க வேண்டும். கூம்பு தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் இழந்துவிடும். தவிலின் வலந்தலையில் கூடணிந்த விரல்கள் எழுப்பும் கூரிய சொற்கள் ஓரளவு தப்பும்; தொப்பியில் கழி எழுப்பும் கனத்த நாதம் தேய்ந்துவிடும். அத்தகைய தட்டைக் கேட்டு அக்காலத் தவில் மெலிதாக ஒலித்தது என்று எழுதுவது பதிவுக்கருவியின் குறையைக் கலைஞர்மேல் ஏற்றுவதாகும். மின்பதிவு வந்தபின் நிலைமை மாறியது. 1930களில் வீணை தனம்மாளின் மென்மையான மீட்டலும் தட்டில் கேட்கக்கூடியதாயிற்று. பெருநாதக் கருவியான நாகசுரத்தை ஒலிவாங்கியிலிருந்து தள்ளி நிறுத்தவும் முடிந்தது.

சுழல்வேகம் இன்னும் நுட்பமான சிக்கல். தொடக்ககாலத்தில் 78 என்னும் வேகம் நிலைபெறவில்லை. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயர்ந்துவிடும். இரண்டு கட்டைக் கருவி இரண்டரைக் கட்டையாகக் கேட்கும். உயர்ந்த சுருதியுடைய திமிரியிலிருந்து நீண்டு தாழ்ந்த பாரிக்கு நாகசுரம் மாறிய வரலாற்றில் இராஜரத்தினம் பிள்ளைக்கும் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரிக்கும் உள்ள பங்கு நன்கறியப்பட்டது. அம்மாற்றத்துக்கு முந்தைய சுருதியைப் பழைய தட்டுகளைக் கொண்டு அளக்க முற்படுவோர் முதலில் வேகத்தை நிறுவ வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஒலிக்கோப்புகளில் பல, எவ்வேகத்தில் மாற்றப்பட்டன என்ற குறிப்பின்றியே உலவுகின்றன. அவற்றிலிருந்து பெற்ற கட்டை அளவுகளை அட்டவணையிடுவதில் பயனில்லை.

தட்டு தரும் உறுதியான சான்று

இத்தனை தடைகளுக்கும் பிறகு எஞ்சுவது சிறிதன்று. தோடியின் சாதாரண காந்தாரம் நிலைத்த சுரமன்று. அசைவே அதன் உரு. சுரக்குறிப்பு அதனை ஒற்றை எழுத்தாக்கி நின்றுவிடும். ஏழு விரல்துளைகளையுடைய நாகசுரத்தில் அவ்வசைவு விரலை முழுதும் மூடாமலும் உதட்டழுத்தத்தாலும் மூச்சின் ஏற்ற இறக்கத்தாலும் பிறக்கிறது. துத்துக்காரத்தின் நாக்குத் தெறிப்பும், அது இல்லாத நீண்ட இழைவும், ஒரு மூச்சில் அடங்கும் பிடியின் நீளமும் தட்டில் அப்படியே கிடைக்கின்றன. எழுத்து வடிவச் சான்று எதுவும் தராதவை இவை. எனவே இசைத்தட்டு வாசிப்பு நுட்பத்துக்கு முதன்மைச் சான்று. வாசிப்பு முறைமைக்கு அன்று. தமிழில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுவதாலேயே, “கோயில் பாணி” என்ற தொடர் தட்டில் கேட்ட ஒருவரின் பாணிக்குப் பெயராகிவிட்டது.

இதே கடற்கரையின் மற்றொரு குரலை ஒப்பிட்டால் வேறுபாடு தெளியும். காரைக்காலுக்குத் தெற்கே எல்லையை ஒட்டிய நாகூரின் இ.எம். ஹனீபா (1925–2015) பாடிய தனிப்பாடல்கள் சில நிமிட அளவுக்குள் பல்லவியும் சரணங்களுமாக நிறைவு பெறுபவை. அங்கே தட்டு எதையும் வெட்டவில்லை. பாடல் தட்டின் அளவிலேயே உருக்கொண்டது. அவருக்கு இசைத்தட்டே மூலபாடம். நாகசுரத்துக்கு அது மூலத்தின் ஒரு துண்டு. மூலம் வீதியில் இருந்தது. இரண்டையும் “தொடக்ககால இசைத்தட்டுகள்” என்ற ஒரே தலைப்பில் பட்டியலிடும் நூலடைவுகள் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

காரைக்கால் வட்டாரத்தைப் பொறுத்தவரை, தட்டில் இல்லாத பகுதியை இன்றும் ஓரளவு மீட்கலாம். திருநள்ளாற்றிலும் காரைக்காலிலும் திருவிழா மேளத்துக்கு வருவோரிடம் எந்த உருப்படி எந்த வீதியில் வாசிக்கப்படுகிறது என்ற ஒழுங்கைக் கேட்டறிந்து, ஓர் உலாவைப் புறப்பாடு முதல் கோயில் திரும்பும்வரை இடைவெட்டின்றிப் பதிவு செய்து, அதன் கால அளவுகளைப் பழைய தட்டுகளோடு பொருத்திக் காணும் பணி முதலில் நடைபெற வேண்டும். அவ்வொழுங்கிலும் நூற்றாண்டின் மாற்றங்கள் படிந்திருக்கும். ஆயினும் ஏழு நிமிடத் தோடி அவ்வுலாவின் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்று வினவுவதற்கேனும் அது இடமளிக்கும்.