உள்ளே ஒன்றுமில்லாத பொதி

ஓசூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைக்குத் தமிழும் வேண்டும், தெலுங்கும் வேண்டும், கன்னடமும் வேண்டும். சிப்காட்டைச் சுற்றிய தெருக்களில் மூன்றும் கலந்தே புழங்குகின்றன. இந்த மூன்று எழுத்துகளும் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஒரு கணினிக்கு வந்து சேரும் ஏற்பாடு நான் மிகவும் ரசிக்கும் கைவேலைகளில் ஒன்று.

1993-இல் தொடங்கிய டெபியனில், மென்பொருளும் எழுத்துருவும் 'பொதி'களாகக் கட்டப்பட்டே பயனருக்கு வரும்; அந்தப் பொதிகளைக் கட்டப் பயன்படுவது மூலப் பொதி. இந்திய மொழி எழுத்துருக்கள் பலவும் ஒரு காலத்தில் ஒரே மூலப் பொதியில் கிடந்தன. மொழிக்கொரு பொதி வெளியே வந்தாலும் வேர் ஒன்றுதான். தமிழ் எழுத்துருவில் ஒரு கொம்பைத் திருத்தினால்கூட மூலத்தின் பதிப்பு எண் ஏறும். கன்னடப் பொதியும் தெலுங்குப் பொதியும் சேர்ந்து மறுபடி கட்டப்படும். ஓர் எழுத்தும் மாறாத பொதியை ராயக்கோட்டையில் ஒருவர் மீண்டும் இறக்கிக்கொண்டிருப்பார்.

2010-களின் தொடக்கத்தில் இதைப் பிரித்தார்கள். எங்கே வெட்டினார்கள் என்பதில்தான் கலை இருக்கிறது. எது தனியாக மாறுகிறதோ அது தனிப் பொதி. ரெட் ஹாட் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட லோஹித் எழுத்துருக் குடும்பத்திலேயே தமிழுக்கு, கன்னடத்துக்கு, தெலுங்குக்கு என்று மூலங்கள் தனித்தனியாயின. பெயர்களும் ஒழுங்குக்கு வந்தன: முதலில் எழுத்துரு என்ற பொதுச்சொல், அடுத்துக் குடும்பப் பெயர், கடைசியில் எழுத்து முறைகளுக்கு ஐஎஸ்ஓ 15924 தரநிலை வகுத்த நான்கெழுத்துக் குறியீடு. பெயரைப் படித்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

அதற்கு மேல் மொழிக்கொரு தொகுப்புப் பொதி. அதில் எழுத்துரு எதுவும் கிடையாது. எவையெவை வேண்டும் என்ற பட்டியல் மட்டுமே. அதற்கும் மேலே, எல்லா இந்திய எழுத்துகளுக்குமாக இன்னொரு பட்டியல். புதிய தமிழ் எழுத்துரு வந்தால் தமிழ்ப் பட்டியலில் ஒரு பெயர் கூடும். கன்னடத்துக்காரருக்கு அது தெரியவே வேண்டியதில்லை. ஓசூர்க் கடைக்காரர் ஒரே பெயரைக் கேட்டு மூன்றையும் வாங்கிக்கொள்வார். இந்த அமைப்பிலேயே மிக அழகானது உள்ளே ஒன்றுமில்லாத அந்தப் பொதிதான் என்பேன்.

பொதி கட்டுபவரின் கைத்தேர்ச்சியை அறிய 'கண்ட்ரோல்' என்ற கோப்பு போதும். ஒரு பொதிக்குத் தேவையான மற்ற பொதிகளை, அதாவது சார்புகளை, அது தரம் பிரிக்கிறது: இல்லாமல் நடக்காதவை, இருந்தால் நல்லவை, விரும்பினால் சேர்க்கலாம் என்பவை. எல்லாவற்றையும் முதல் தரத்தில் அள்ளிப் போடுகிறவருக்குக் கை இன்னும் பழகவில்லை. அடுத்து, பொதியைக் கட்டும் முறையைச் சொல்லும் 'ரூல்ஸ்' கோப்பு. ஒரு காலத்தில் நீளநீளமாய் எழுதிய கட்டளைகள், டெப்ஹெல்பர் என்ற உதவிக் கருவியின் ஏழாம் பதிப்புக்குப் பின் எளிய பொதிகளில் மூன்று வரிக்குள் அடங்கிவிட்டன. பெயர் மாறிய பொதிகளின் பழைய பெயரையும் சில காலம் வெற்றுப் பொதியாய் வைத்திருந்து, பழைய பயனரைப் புதிய பெயருக்குக் கைபிடித்து அழைத்துப் போகும் மரியாதையும் டெபியனில் உண்டு.

இந்தப் பகுதியின் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். டெபியனின் மூலப் பொதிகள் யாரும் இறக்கிப் பார்க்கத் திறந்தே இருக்கின்றன. தமிழ் எழுத்துருப் பொதி ஒன்றை எடுத்து, கண்ட்ரோல் கோப்பிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.