பெட்டியடிப் பையனும் கோடை முகாமும்

ஒருகாலத்தில் காரைக்குடி வட்டாரத்துச் செட்டியார் வீடுகளில் ஒருவர் 'கொண்டுவிக்கப் போயிருக்கிறார்' என்றால், பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ தொழிலுக்குப் போயிருக்கிறார் என்று பொருள். போனவர்களில் மீசை முளைக்காதவர்களும் உண்டு. வட்டிக்கடையில் கணக்குப் பெட்டியடியில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்து தொழில் பழகியதால், அவர்கள் பெட்டியடிப் பையன்கள். என்.சி.சி.யின் பத்து நாள் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பவே தவிக்கும் இன்றைய பெற்றோர், மூன்று வருடம் பிள்ளையைப் பிரிந்திருந்த அந்த வீடுகளின் ஆயத்தத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பது நல்லது.

முதலில் நல்லதைச் சொல்லலாம். கப்பல் சீட்டு கைக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே ஆயத்தம் தொடங்கிவிட்டது. வாய்ப்பாடும் மனக்கணக்கும் வட்டிக்கணக்கும் சிறு வயதிலேயே தலையில் ஏறின. குறிப்பும் பேரேடும் எழுதக் கை பழகியது. போய் இறங்கும் இடமும் முற்றிலும் அந்நியமில்லை. ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கடையும் தங்குமிடமும் சேர்ந்த கிட்டங்கிகள் இருந்தன. அங்கே அதே ஊர்ப் பேச்சு, அதே சாப்பாடு. கும்பிடத் தண்டாயுதபாணியும் உண்டு. சிங்கப்பூர் டாங்க் ரோடு கோயில் 1859இல் எழுந்தது. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் செட்டியார் கடைகள் சுமார் 1,650. திரும்பும் கெடு தெரியும். பெட்டியடியிலிருந்து அடுத்தாளாகி மேலாளாகும் படியும் தெரியும்.

ஆனால் பையனை யாரும் கேட்கவில்லை.

ஆத்தாளையும் கேட்கவில்லை. ஆண்கள் கடல் கடந்தார்கள், பெண்கள் வளவு வீட்டில் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். பையனின் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. வீட்டு ஏக்கம் வந்தால் என்ன செய்வது என்று எந்தச் சுவடியும் சொல்லித் தரவில்லை. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1938இல், பதினெட்டு வயதில், சுமத்ராவின் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன், கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்து நினைத்துப் பார்க்கிறான். பேரேட்டில் பற்று வைக்காத ஏக்கம் அது. கெடுவின் உறுதியும் 1941 டிசம்பர் 23 வரைதான். அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள்.

வீட்டு ஏக்கம் பற்றிக் கிறிஸ்டபர் தர்பரும் எட்வர்ட் வால்டனும் 2007இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். முடிவெடுப்பதில் பிள்ளைக்குப் பங்கு வேண்டும், முன்கூட்டியே வீட்டைப் பிரிந்திருந்து பழக வேண்டும், 'பிடிக்காவிட்டால் உடனே வந்து கூட்டிப்போகிறோம்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பன அவர்கள் யோசனைகளில் சில. அந்த வாக்கு, உன்னால் முடியாது என்று பிள்ளையிடம் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. இந்த அளவுகோலில் செட்டிநாடு பழக்கத்தில் தேறுகிறது, பங்கில் தோற்கிறது. இன்றைய வீடுகள் பலவற்றில் நிலை தலைகீழ். எந்த முகாம் என்று பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். தட்டைக் கழுவவும் துணியை மடிக்கவும் பழக்குவதில்லை. விலை உயர்ந்த பையை வாங்கி, அதையும் நாமே அடுக்கிக் கொடுக்கிறோம்.

பெட்டியடி முறை போனதற்கு வருந்த வேண்டியதில்லை. அதன் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வரும் கோடையில் முகாமுக்குப் பணம் கட்டுவதற்கு முன், பிள்ளையை இரண்டு இரவு ஆயா வீட்டில் விட்டுப் பாருங்கள். பையை அவனே அடுக்கட்டும். அந்த இரண்டு இரவும் நீங்கள் போன் செய்யாமல் இருங்கள்.