பேட்டர்ன் ஆசாரியும் நம் ரசனையும்

கோயமுத்தூரில் மரவேலைக் கண்காட்சி என்றால் அங்கே என்ன இருக்கும் என்பதைப் போகாமலே சொல்லிவிடலாம். நர்த்தன கணபதி, வீணையுடன் சரஸ்வதி, கீதோபதேசத் தேர், தசாவதாரப் பலகை, பெரிதிலிருந்து சிறிதாக ஏழு யானைகள். பெரும்பாலும் அரும்பாவூரிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் வந்தவை. முன்னதற்கு 2020-லும் பின்னதற்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தது நல்லதுதான். செதுக்கியவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வாகையிலும் தூங்குமூஞ்சியிலும் உளி பழகிய கைகள் அவை. குறை, பார்க்கப் போகிற நம்மிடம்.

பார்க்க வருகிறவர் இரண்டு கேள்விதான் கேட்கிறார். ஒரே கட்டையா? என்ன விலை? ஒரே கட்டை என்று தெரிந்ததும் முகம் மலர்கிறது. பேரூர்க் கனகசபையில் இதையே கல்லில் பார்க்கலாம். கூரையிலிருந்து தொங்கும் கல் சங்கிலியைக் காட்டினதோடு சுற்றிப்பார்க்க வந்தவர்களின் திருப்தி முடிந்துவிடுகிறது. பக்கத்துத் தூண்களில் கஜசம்ஹாரரும் அகோர வீரபத்திரரும் நிற்கிறார்கள். அவர்கள் உடம்பின் திருகலை நின்று பார்ப்பவர் குறைவு. அருமையை வியப்பது நமக்குச் சுலபமாக வருகிறது, உருவத்தைப் பார்ப்பது வருவதில்லை. சிறுகதையைப் பற்றிப் பேசும்போதும் "என்ன நடை!" என்று நிறுத்திக்கொள்கிறவர்கள்தானே நாம்.

மரத்தை மரமாகவே காட்டும் இடம் ஒன்றும் இவ்வூரில் உண்டு. கௌலி பிரவுன் சாலையில், 1902-ல் ஆரம்பித்த காஸ் வன அருங்காட்சியகம். மரவகைகளின் மாதிரித் துண்டுகள் பெயர்ச்சீட்டோடு வரிசையாக இருக்கின்றன. தேக்கின் ரேகைக்கும் வேங்கையின் ரேகைக்கும் உள்ள பேதத்தை அங்கேதான் நான் கற்றுக்கொண்டேன். ஆனால் அது வெள்ளைக்கார வனத்துறையின் கண். எந்த மரம் எதற்கு ஆகும் என்று கணக்குப் பார்க்கிற கண். மரத்தை வைத்து ஆகவேண்டியதைச் செய்தவன் அங்கே இல்லை.

இவ்வூர் மரவேலையின் உச்சம் என்று நான் நினைப்பது இவை இரண்டிலும் இல்லை, கோனியம்மன் தேரிலும் அவிநாசித் தேரிலும்கூட இல்லை. கணபதியிலும் பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் பவுண்டரிகளை ஒட்டிய தகரக் கொட்டகைகளில் அது இருந்தது, கொஞ்சம் இன்னும் இருக்கிறது. பேட்டர்ன் வேலையைச் சொல்கிறேன்.

நான் வங்கிக் குமாஸ்தா. கடன் வாங்கிய பட்டறை ஒன்றில் சரக்கைக் கணக்கெடுக்கப் போன அதிகாரியோடு, எழுதிக்கொள்ள ஆளாகப் போனதில்தான் இதை முதலில் பார்த்தேன். பம்புசெட்டுக்குக் கேசிங் வார்க்க வேண்டுமானால் முதலில் அந்தக் கேசிங்கை மரத்தில் செய்தாக வேண்டும். அதை மணல் பெட்டிக்குள் வைத்து மணலை இடித்து இறுக்கி, மரத்தை மெல்ல உருவி எடுத்துவிட்டால் மணலில் ஒரு பள்ளம் நிற்கும். அந்தப் பள்ளத்தில்தான் உருகிய இரும்பு போகிறது. இவ்வளவுதான் என்று நினைத்தால் தப்பு. ஆசாரி செய்வது கேசிங்கின் நகல் அல்ல. ஆறும்போது இரும்பு சுருங்குகிறது, அடிக்குச் சுமார் அரைக்கால் அங்குலம். அதனால் மரம் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இதற்கென்று ஒரு எஃகு ஸ்கேல் வைத்திருக்கிறார்கள். 12 அங்குலம் என்று போட்டிருக்கும், சாதாரண ஸ்கேலோடு சேர்த்து வைத்தால் அரைக்கால் அங்குலம் நீளும். பித்தளைக்கு வேறு ஸ்கேல், எஃகுக்கு வேறு. மணல் உதிராமல் மரம் வெளியே வரவேண்டும் என்பதற்காகச் செங்குத்தான பக்கங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்திருக்கும். கடைசலில் போகப்போகிற இரும்புக்காகச் சில முகங்களில் மட்டும் கூடுதல் தடிமன். வார்ப்பில் இடமே இல்லாத சில முளைகள்வேறு மரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பொள்ளலை உண்டாக்கும் மணல் கருவுக்கு, கோர் என்கிறார்கள், மணலில் உட்கார ஓர் இருக்கை வேண்டுமே, அதற்காக.

ஆக, எந்த அளவும் சரியில்லாத ஒரு பொருளை ஆசாரி செய்கிறார். அத்தனை தப்பும் கணக்கான தப்பு. அவற்றின் கூட்டுத்தொகைதான் சரியான பம்பு.

கோர்ப் பெட்டி இதைவிட விசேஷம். கேசிங்குக்குள் தண்ணீர் சுழன்று போகிற வழி நத்தையின் கூடுபோலத் துவக்கத்தில் ஒடுங்கி, வாயை நோக்கி வரவர விரிகிறது. விரிவது ஒரே சீராக இருக்க வேண்டும், எங்காவது தட்டினால் பம்பின் சக்தி அங்கே வீணாகும். ஆசாரி இந்த வழியைத் தேக்குக்குள் குடைகிறார். தண்ணீரின் பாதையை, தண்ணீர் இல்லாத இடத்தில், மணல் வந்து நிரப்பட்டும் என்று குடைகிறார். தேக்கையே எடுப்பது அது ஈரத்துக்கு அதிகம் அசையாது என்பதால். அப்படியும் நம்பிவிட முடியாது. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் உப்பும், சுருங்கும். ஆகவே ஒரு வளையம் வேண்டுமென்றால் பலகையிலிருந்து வட்டமாக அறுத்து எடுப்பதில்லை. சின்னச்சின்ன வில்துண்டுகளாக அறுத்து, ரேகை வட்டத்தோடு ஓடும்படி, செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாறிமாறி வர அடுக்கி ஒட்டுகிறார்கள். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவர்கள் நினைக்கவும் இல்லை. அன்றைக்கு மேஸ்திரி சொன்னார்: "நல்ல பேட்டர்னை எவனும் திரும்பிப் பாக்க மாட்டானுங்க சார். வார்ப்பு தப்பாப் போனாத்தான் பேட்டர்னைக் கொண்டாம்பாங்க."

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குக் கைவினை என்றதும் ஜார்ஜ் ஸ்டர்ட் ஞாபகம் வரும். 1884-ல் தகப்பனாரின் வண்டிப்பட்டறையை ஏற்று நடத்தியவர், 1923-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பத்து வருஷம் கழித்து லீவிஸும் டெனிஸ் தாம்சனும் அதை எடுத்துக்கொண்டு, இயந்திரம் வந்து அழித்த ஓர் அங்ககச் சமுதாயத்தின் சாட்சியாக நிறுத்தினார்கள். நம்மில் லீவிஸைப் படித்தவர்கள் இந்தச் சோகத்தை அப்படியே இறக்குமதி செய்து, கொங்கு நாட்டு வண்டிக்கும் தேருக்கும் அழுகிறோம். எனக்கும் அழுகை வந்ததுண்டு. ஆனால் கோயமுத்தூரில் நடந்தது அது அல்ல. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. பிறகு மில்களுக்கு உதிரி பாகங்கள், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆழக் கிணறுகளுக்கு மோட்டாரும் பம்பும் என்று வேலை பெருகிற்று. வார்க்கிற ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னால் மரத்தில் ஒன்று செய்ய ஆள் வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களில் பாட்டனார் வண்டிக்குக் குடமும் ஆரக்காலும் வட்டையும் செய்தவர், பேரன் பேட்டர்ன் செய்கிறவர். இங்கே இயந்திரம் ஆசாரியைத் துரத்தவில்லை. ஆசாரியின் கைக்குள்ளிருந்துதான் இயந்திரம் வந்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வண்டிச் சக்கரம் ஏன் தட்டுப்போலக் குழிந்திருக்க வேண்டும் என்ற காரணம் ஸ்டர்ட்டுக்கே வெகுகாலம் கழித்துத்தான் விளங்கிற்று. பட்டறை ஆட்கள் காரணம் கேட்காமல் செய்துகொண்டிருந்தார்கள். பரம்பரை மௌனம். லீவிஸுக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. பேட்டர்ன் ஆசாரி மௌனமானவர் அல்ல. வரைபடத்தைப் படிக்கிறார், இஞ்சினீயரோடு சண்டை போடுகிறார், இந்த மூலையில் இரும்பு திரண்டு விரிசல் விடும் என்று சொல்லி வரைபடத்தையே மாற்ற வைக்கிறார். நான் பார்த்த பட்டறையில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்த பிற சாதிப் பையன்களும் இதே வேலையைக் கற்றுச் செய்தார்கள். இதைக் குலவித்தை என்று மாலை போட்டு ஓரத்தில் உட்காரவைக்க முடியாது.

டேவிட் பை 1968-ல் எழுதிய புத்தகத்தில் வேலைப்பாட்டை இரண்டாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகக்கூடிய ஆபத்தோடு செய்வது ஒன்று, முடிவு முன்பே தீர்மானமாகிவிட்ட நிச்சயத்தோடு செய்வது மற்றொன்று. ஆயிரம் கேசிங்குகள் ஒன்றுபோல் வர, ஒரு ஆள் ஒரு தடவை ஆபத்தை ஏற்க வேண்டியிருக்கிறது. பெருவாரி உற்பத்தியைக் கண்டு முகம் சுளிக்கிற நம் அழகியல்வாதிகள் இந்த ஒரு தடவையைக் கணக்கில் எடுப்பதில்லை.

'எழுத்து' காலம் தொட்டு உருவம், உள்ளடக்கம் என்று பேசி வருகிறோம். உருவம் என்பது விஷயத்தை ஊற்றிவைக்கிற பாத்திரம் என்ற எண்ணம் மறுக்க மறுக்கத் திரும்ப வருகிறது. பேட்டர்ன் பாத்திரம் இல்லை. மணலை விட்டு எடுத்துவிட வேண்டிய உருவம் அது, எடுத்தபின்தான் அதன் வேலை ஆரம்பிக்கிறது. கவிதைக்கு இந்த உவமையை இதற்குமேல் இழுத்தால் நானும் கண்காட்சிக்காரன் ஆகிவிடுவேன். ஆனால் வரியில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு முளையைக் கண்டதும் ஊளைச்சதை என்று வெட்டச் சொல்கிற விமர்சகன், உள்ளே எந்தக் கரு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லலாம்.

இப்போது அலுமினியப் பேட்டர்ன், ரெசின் பேட்டர்ன், கணினி சொல்கிறபடி கடையும் இயந்திரம், மரமே வேண்டாமல் மணலையே நேராக அச்சடிக்கிற இயந்திரம் எல்லாம் வந்துவிட்டன. வரட்டும். பம்பு நன்றாக இருந்தால் விவசாயிக்கு அது போதும். நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த மரவேலைக் கண்காட்சியில் நர்த்தன கணபதிக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பழைய கோர்ப் பெட்டியை, இரண்டு பாதியும் திறந்தபடி, வைக்கலாம். வார்னிஷ் வேண்டாம். மணல் தேய்த்துத் தேய்த்துக் கறுத்த தேக்கும், அடித்து உரிந்த பெயின்டும் அப்படியே இருக்கட்டும். ஒரே கட்டையா என்று கேட்பவருக்கு, இல்லை, நாற்பது துண்டு என்று பதில் சொல்லலாம்.

அன்றைக்குச் சரக்குப் பட்டியலில் கட்டி இரும்பு, கழிவு இரும்பு, மணல், முடிந்த வார்ப்பு என்று வரிசையாக எழுதினேன். பரண் முழுக்க மரப் பேட்டர்ன்கள் அடுக்கியிருந்தன. அவை வார்ப்புக்கு ஆர்டர் கொடுத்தவர்களுடைய சொத்து, பட்டறைக்குச் சொந்தமில்லை, எழுத வேண்டாம் என்றார் அதிகாரி. விதிப்படி அது சரி. ஆர்டர் கொடுத்த கம்பெனிகளில் சில மூடிப்போய் வெகு நாளாயிற்று, யாரும் கேட்டு வரவில்லை என்றார் மேஸ்திரி. சென்ற ஐப்பசி மழையில் கூரை ஒழுகியதால் பரணைக் காலி செய்துவிட்டார்களாம். பாதியை வெந்நீர் அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், மீதி கொட்டகைக்கு வெளியே நனைந்து, ஒட்டு விட்டு, வில்துண்டு வேறு வில்துண்டு வேறாகக் கிடக்கிறது.